ரைபோசோம் புரியவில்லையா? சிசிஏ முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

செல்லுக்குள் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் இயந்திரம் ரைபோசோம். பாடப்புத்தகத்தில் அதன் படம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கீழே சின்னதாக ஓர் உருண்டை, மேலே பெரியதாக ஓர் உருண்டை, இரண்டுக்கும் நடுவே நூல் மாதிரி, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏ, பக்கத்தில் மணி கோத்தாற்போல அமினோ அமிலங்கள். இந்தப் படத்தை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் "சரி, அந்த இரண்டு அமினோ அமிலங்களையும் ஒட்டுவது யார்?" என்று கேட்டால் பலரும் தடுமாறுகிறார்கள். "பெப்டிடைல் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி" என்று சிலர் சொல்வார்கள், அது எந்தப் புரதம் என்று அடுத்துக் கேட்டால் பதில் வராது. வரவும் முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு புரதமே கிடையாது. ஒட்டுகிற வேலையைச் செய்வது ரைபோசோமுக்குள் இருக்கும் ஆர்என்ஏ.

உயிரியலில் எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் வேறு இல்லை. அதனால்தான் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இதைப் பெயர்களின் பட்டியலாகப் படித்துவிட்டுப் போவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. என் யோசனை இதுதான்: முழு இயந்திரத்தையும் ஒரே நேரத்தில் பார்க்காதீர்கள். ஆர்என்ஏ என்பது அடினைன் (ஏ), சைட்டோசின் (சி), குவானைன் (ஜி), யுரசில் (யூ) என்ற நான்கு எழுத்துகளால் ஆன சங்கிலி. அமினோ அமிலத்தை ரைபோசோமுக்குச் சுமந்து வரும் கடத்து ஆர்என்ஏ என்ற மூலக்கூறின் ஒரு நுனியில் கடைசி மூன்று எழுத்துகள் சி, சி, ஏ என்று முடியும். அந்த நுனியில் மட்டும் கண்ணை வையுங்கள், அது போகிற இடமெல்லாம் கூடவே போங்கள். மீதி எல்லாம் தானாக வந்து இடத்தில் உட்காரும். தேவையானவை ஒரு நோட்டு, பென்சில், கோடான் அட்டவணை (கோடான் என்பது தூது ஆர்என்ஏவில் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து), அப்புறம் கடைசியில் ஒரு கணினி.

முதலில் பிணைப்பை வரையுங்கள்

ரைபோசோமை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நோட்டில் இரண்டு அமினோ அமிலங்களை அடுத்தடுத்து வரையுங்கள். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு கார்பன், அதன் ஒரு பக்கம் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி, மறுபக்கம் கார்பாக்சில் தொகுதி. முதல் அமிலத்தின் கார்பாக்சில் கார்பனும் இரண்டாவதன் நைட்ரஜனும் சேர வேண்டும். சேர்ந்தால் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும், கிடைப்பது பெப்டைடு பிணைப்பு. காகிதத்தில் இது ஒரு நிமிட வேலை.

செல்லுக்குள் அப்படி இல்லை. சுற்றிலும் தண்ணீர். தண்ணீரை வெளியேற்றி நடக்க வேண்டிய வினையைத் தண்ணீருக்குள் வைத்து நடத்துவது, ஈரத்துணியை மழையில் காயப்போடுகிற மாதிரி. தனியாக விட்டால் பெப்டைடு பிணைப்பு உடைகிற பக்கம்தான் சமநிலை சாயும். அதனால் செல் கார்பாக்சில் பக்கத்தை முன்கூட்டியே தயார் செய்து வைக்கிறது. இந்தத் தயாரிப்பு ரைபோசோமுக்கு வெளியே நடக்கிறது. அமினோஅசைல் கடத்து ஆர்என்ஏ சிந்தட்டேஸ் என்ற நொதிகள், அமினோ அமிலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பெரும்பாலும் 20 வகை, ஒவ்வொன்றும் தனக்கு உரிய அமினோ அமிலத்தை எடுத்து உரிய கடத்து ஆர்என்ஏவின் நுனியில் மாட்டுகின்றன. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி உடைந்து ஏஎம்பி ஆகிறது, கணக்குப்படி இரண்டு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவு.

மாட்டப்படும் இடத்தைக் கவனியுங்கள். சிசிஏ முனையின் கடைசி எழுத்தான அடினைனைத் தாங்கும் சர்க்கரையில், ஒரு ஹைட்ராக்சில் மேல், எஸ்டர் பிணைப்பாக, அதாவது அமிலத்தின் கார்பாக்சில் கார்பனும் சர்க்கரையும் ஓர் ஆக்சிஜன் வழியாகச் சேர்ந்தபடி. ரைபோசோமுக்குள் வினை நடக்கும்போது அது சர்க்கரையின் 3-ஆம் கார்பனில் இருக்கும். அந்த எஸ்டரைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். பின்னால் நடக்கப்போகிற ஒட்டு வேலைக்கான ஆற்றல் எல்லாம் இந்த வட்டத்துக்குள் முன்பணமாகக் கட்டப்பட்டுவிட்டது. அதனால் பெப்டைடு பிணைப்பு உருவாகும் அந்த ஒரு கணத்தில் ஏடிபியும் வேண்டாம், அதைப் போன்ற இன்னொரு ஆற்றல் மூலக்கூறான ஜிடிபியும் (GTP) வேண்டாம். இதைப் பிடித்துக்கொள்ளாமல் மேலே போனால் மற்றதெல்லாம் மந்திரம் மாதிரிதான் தெரியும்.

ஒரு மூலக்கூறு, இரண்டு நுனிகள்

கடத்து ஆர்என்ஏ ஏறக்குறைய 76 எழுத்து நீளம். புத்தகத்தில் மூன்றிலை வடிவில் வரைந்திருப்பார்கள், நிஜத்தில் அது முழங்கை மடக்கிய கை மாதிரி இருக்கும். ஒரு நுனியில் கோடானோடு ஜோடி சேரும் மூன்று எழுத்தான எதிர்கோடான், மறு நுனியில் சிசிஏ. இரண்டுக்கும் இடையே சுமார் 75 ஆங்ஸ்ட்ராம் தூரம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அணுக்களின் அளவில் பார்த்தால் 75 என்பது பெரிய தூரம், அதாவது கோடானைப் படிக்கிற இடமும் அமினோ அமிலத்தை ஒட்டுகிற இடமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதே இல்லை.

ரைபோசோம் இரண்டு துண்டாக இருப்பதன் பொருள் இப்போது விளங்கும். எதிர்கோடான் நுனி சிறிய துணை அலகில் இருக்கிறது, அங்கே படிக்கும் வேலை. சிசிஏ நுனி பெரிய துணை அலகில் இருக்கிறது, அங்கே ஒட்டும் வேலை. பாக்டீரியாவில் சிறியது 30எஸ், பெரியது 50எஸ், சேர்ந்தால் 70எஸ். நம் செல்லில் 40எஸ், 60எஸ், சேர்ந்தால் 80எஸ். முப்பதும் ஐம்பதும் எண்பதுதானே என்று கேட்காதீர்கள். எஸ் என்பது எடை இல்லை, மையவிலக்குக் கருவியில் சுழற்றும்போது எவ்வளவு வேகமாகக் கீழே படிகிறது என்ற அளவு. உருவமும் அதைப் பாதிக்கும், அதனால் கூட்டல் கணக்கு சரியாக வராது.

உள்ளே என்ன இருக்கிறது? ஈ. கோலை பாக்டீரியாவில் சிறிய அலகில் 1,542 எழுத்து நீளமுள்ள 16எஸ் ஆர்என்ஏவும் 21 புரதங்களும், பெரிய அலகில் 2,904 எழுத்து நீளமுள்ள 23எஸ் ஆர்என்ஏ, 120 எழுத்து 5எஸ் ஆர்என்ஏ, முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள். மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆர்என்ஏ. வெகுகாலம் இந்த ஆர்என்ஏவை வெறும் சாரம் என்றே நினைத்தார்கள், கட்டடம் கட்டும்போது நிறுத்துகிற சவுக்குக் கம்புச் சாரம் மாதிரி. உண்மையில் சாரம் என்று நினைத்தது கொத்தனாராக இருந்தது.

கடத்து ஆர்என்ஏக்கள் உட்கார உள்ளே மூன்று இடங்கள். அமினோ அமிலத்தோடு புதிதாக வருவது உட்காருவது ஏ இடம், வளரும் பெப்டைடு சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருப்பது பி இடம், வெறுங்கையோடு வெளியேறுவது இ இடம். ஏ இடம் வேறு, அடினைனைக் குறிக்கும் ஏ வேறு. குழம்பாமல் இருக்க, ரைபோசோம் எழுத்துகளைச் சொல்லும்போது அடினைன் என்றே எழுதுகிறேன்.

ஒரு வரியை நீங்களே படியுங்கள்

கோடான் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான தூது ஆர்என்ஏ இப்படித் தொடங்கும்: ஏயூஜி, ஜியூஜி, சிஏயூ, சியூஜி, ஏசியூ, சிசியூ, ஜிஏஜி, ஜிஏஜி. விரலை வைத்துப் படித்தால் மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், மறுபடி குளுட்டாமிக் அமிலம். முதல் மெத்தியோனின் பிறகு வெட்டப்பட்டுவிடும், அதனால் வாலின்தான் 1.

இப்போது முதல் ஜிஏஜியின் நடு எழுத்தை அழித்துவிட்டு யூ போடுங்கள். ஜியூஜி ஆகிவிட்டது, அதாவது வாலின். 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்ததும் அது அரிவாள் செல் ஹீமோகுளோபின். இந்தியாவில் இந்தப் பண்பு முதன்முதலில் 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான் பதிவானது. உங்கள் பென்சில் செய்த மாற்றம் ஒரு எழுத்துதான். ரைபோசோம் அதைக் கண்டு தயங்குவதில்லை, எழுதியிருப்பதைக் கோத்துக்கொண்டு போகிறது.

இன்னும் ஒரு படி மேலே போய் 1962-இல் ஒரு சோதனை செய்தார்கள். சிஸ்டீன் மாட்டிய கடத்து ஆர்என்ஏவை எடுத்து, ரேனி நிக்கல் என்ற வினையூக்கியால் அந்தச் சிஸ்டீனை அலனினாக மாற்றினார்கள். கடத்து ஆர்என்ஏ சிஸ்டீனுடையது, சுமப்பதோ அலனின். ரைபோசோமில் விட்டால் சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அலனின் வந்து உட்கார்ந்தது. நுனியில் என்ன தொங்குகிறது என்று ரைபோசோம் சோதிப்பதில்லை, கோடானும் எதிர்கோடானும் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறது. சரியான அமிலத்தைச் சரியான ஆர்என்ஏவில் மாட்டும் பொறுப்பு முழுக்க அந்தச் சிந்தட்டேஸ் நொதிகளுடையது.

தொடக்கம்: இதைச் சீக்கிரம் தாண்டலாம்

எந்த ஏயூஜியில் தொடங்குவது? பாக்டீரியாவில் தொடக்கக் கோடானுக்குச் சற்று முன்னால் ஷைன்-டால்கார்னோ என்ற குறும்பகுதி இருக்கும், அது 16எஸ் ஆர்என்ஏவின் வால் நுனியோடு ஜோடி சேர்ந்து தூது ஆர்என்ஏவைச் சரியாகப் பொருத்திவிடும். நம் செல்களில் சிறிய அலகு தூது ஆர்என்ஏவின் தொடக்க நுனியில் (அங்கே தொப்பி போன்ற ஓர் அமைப்பு இருக்கும்) ஏறி, பெரும்பாலும் முதலில் எதிர்ப்படும் ஏயூஜி வரை நகர்ந்து போகும். தொடக்கக் கடத்து ஆர்என்ஏ நேரடியாகப் பி இடத்தில் உட்காரும், பெரிய அலகு வந்து மூடும். உதவிப் புரதங்களின் பெயர்கள் நிறைய உண்டு. முதல் வாசிப்பில் அவற்றை விட்டுவிடுங்கள்.

ஏ இடத்தில் நடக்கும் சோதனை

அமினோ அமிலம் மாட்டிய கடத்து ஆர்என்ஏ தனியாக வருவதில்லை. பாக்டீரியாவில் ஈஎஃப்-டியூ என்ற புரதம், கையில் ஒரு ஜிடிபியோடு, அதை அணைத்துக் கூட்டிவருகிறது. நீங்கள் வட்டம் போட்ட எஸ்டரைத் தண்ணீர் உடைத்துவிடாமல் வழியில் காப்பதும் இதுதான். எதிர்கோடான் நுனி சிறிய அலகில் கோடான் மேல் போய்ப் படியும், அப்போது சிசிஏ நுனி இன்னும் வெளியில், ஈஎஃப்-டியூவின் பிடியிலேயே இருக்கிறது.

சிறிய அலகில் அடினைன் 1492, அடினைன் 1493, குவானைன் 530 என்று மூன்று எழுத்துகள் (எண், அந்த ஆர்என்ஏவில் எத்தனையாவது எழுத்து என்பது) காவலுக்கு நிற்கின்றன. கோடானும் எதிர்கோடானும் சேர்ந்து உண்டாகும் குறு இரட்டைச்சுருளின் பள்ளத்தில் இவை நுழைந்து, முதல் இரண்டு ஜோடிகளின் வடிவம் சரியா என்று தடவிப் பார்க்கின்றன. துணிக்கடையில் துணியை விரலால் உரசித் தரம் பார்ப்பார்களே, அதுபோலத்தான். எழுத்தைப் படிக்கவில்லை, ஜோடியின் உருவத்தைச் சோதிக்கின்றன. மூன்றாம் ஜோடியில் கொஞ்சம் தளர்வு உண்டு. அதனால்தான் அமினோ அமிலங்களுக்கான 61 கோடான்களைப் படிக்க 61-க்கும் குறைவான கடத்து ஆர்என்ஏக்களே போதுமானதாக இருக்கின்றன. இதை அணு அளவில் காட்டியதில் பெரும்பங்கு கேம்பிரிட்ஜில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் குழுவுக்கு உண்டு. சிதம்பரத்தில் பிறந்தவர். பெரிய அலகில் வேலை செய்த தாமஸ் ஸ்டைட்ஸ், ரைபோசோமைப் படிகமாக்க முடியும் என்று பலரும் நம்பாத காலத்திலேயே முயற்சியைத் தொடங்கிய அடா யோனத் ஆகியோரோடு 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஜோடி சரியென்றால் ஜிடிபி உடையும், ஈஎஃப்-டியூ பிடியை விட்டு விலகும். தவறான ஆர்என்ஏ என்றால் பெரும்பாலும் அதற்குள் நழுவிப் போய்விடும், ஜிடிபி உடைந்த பிறகும் நழுவ இன்னொரு வாய்ப்பு உண்டு. இப்படி இரண்டு முறை சலித்தும் ஆயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை விழத்தான் செய்கிறது. விடுபட்ட சிசிஏ நுனி இப்போது நெடுந்தூரம் ஊசலாடி, பெரிய அலகின் நடுவே உள்ள பள்ளத்தில் போய் விழுகிறது.

ஒட்டும் இடம்

இங்கே மெதுவாகப் போவோம். புதுப்பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பி இடத்துக் கடத்து ஆர்என்ஏவின் கடைசி அடினைன், அதன் சர்க்கரை, அதில் எஸ்டராகத் தொங்கும் வளரும் சங்கிலி. வலப்பக்கம் ஏ இடத்துக் கடைசி அடினைன், அதில் எஸ்டராகத் தொங்கும் புது அமினோ அமிலம், அதன் அமினோ நைட்ரஜன் இடப்பக்கம் பார்த்தபடி.

நைட்ரஜனில் ஓர் எலக்ட்ரான் ஜோடி சும்மா இருக்கிறது. அது இடப்பக்க எஸ்டரின் கார்போனைல் கார்பனை, அதாவது முன்பு கார்பாக்சில் தொகுதியில் வரைந்த கார்பனைத் தாக்குகிறது. வளைந்த அம்புக்குறி ஒன்று போடுங்கள். ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அந்தக் கார்பனில் நான்கு கைகளும் ஒற்றைப் பிணைப்பாக, நான்முகி வடிவத்தில் நிற்கும். பிறகு பழைய ஆக்சிஜனுடனான பிணைப்பு அறுந்து, நைட்ரஜனோடு பெப்டைடு பிணைப்பு நிலைக்கிறது. அவ்வளவுதான் வினை.

முடிவில் சங்கிலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. புது அமினோ அமிலம் சங்கிலியின் வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பூக்கட்டுகிறவர் அப்படித்தான் கட்டுவார், மாலை கையில் இருக்கும், புதுப்பூ அதன் நுனிக்கு வரும். ரைபோசோமில் நடப்பது தலைகீழ். கட்டி முடித்த மாலை முழுவதையும் பழைய கையிலிருந்து கழற்றி, புதுப்பூவின் மேல் மாட்டுகிறது. நூறு அமினோ அமிலம் சேர்ந்த சங்கிலியாக இருந்தாலும் அப்படியே கைமாறி ஏ இடத்துக் கடத்து ஆர்என்ஏவில் தொங்கும், பி இடத்தில் இருந்தது வெறுங்கையாகிவிடும். புரதம் அமினோ முனையிலிருந்து கார்பாக்சில் முனை நோக்கி வளர்வதற்குக் காரணமும் இதுவே.

சரி, இதில் ரைபோசோம் செய்த வினையூக்கம் என்ன? ரைபோசோம் இல்லாமல் கரைசலில் இதே மாதிரியான வினை நடக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால், ரைபோசோம் அதைக் கோடி மடங்கு அளவில் விரைவுபடுத்துகிறது. 2000-இல் பெரிய அலகின் அமைப்பு வெளியானதும், அடினைன் 2451 என்ற ஒரு எழுத்து நைட்ரஜனிடமிருந்து புரோட்டானைப் பிடுங்கி வினையை முடுக்குகிறது என்று ஒரு விளக்கம் வந்தது. சாதாரண நொதிகளில் பார்த்துப் பழகிய வழி அது. கேட்க அழகாகவும் இருந்தது. ஆனால் அந்த எழுத்தை மாற்றிவிட்டு முழுக் கடத்து ஆர்என்ஏக்களோடு சோதித்தபோது பிணைப்பு உருவாகும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்து 2004-இல் வெளியான ஆய்வு வேறொரு பக்கம் கைகாட்டியது: வேகத்துக்கு முக்கியக் காரணம் என்ட்ரோபி, அதாவது அலைந்து திரியும் இரண்டு முனைகளைச் சரியான தூரத்தில், சரியான கோணத்தில் அசையாமல் பிடித்து வைப்பது.

ஊசியில் நூல் கோப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பேருந்தில் ஒரு கையில் ஊசி, மறு கையில் நூல் என்றால் எத்தனை முறை தவறும். அதே ஊசியையும் நூல் நுனியையும் மேசைமேல் இடுக்கியில் எதிரெதிரே பொருத்திவிட்டால்? ரைபோசோம் அந்த இடுக்கி. அது பிடிப்பது எதை என்று பாருங்கள்: சிசிஏ முனையைத்தான். பி இடத்தில் அந்த இரண்டு சி-க்களும் 23எஸ் ஆர்என்ஏவின் குவானைன் 2251, 2252 இரண்டோடும் ஜோடி சேர்ந்து பூட்டிக்கொள்கின்றன. ஏ இடத்தில் ஒரு சி குவானைன் 2553-உடன் பூட்டிக்கொள்கிறது. எல்லாக் கடத்து ஆர்என்ஏக்களும், எந்த அமினோ அமிலத்தைச் சுமந்தாலும், ஒரே மாதிரி சிசிஏ என்று முடிவதன் பயன் இங்கேதான் தெரிகிறது. சாவி எல்லாவற்றுக்கும் ஒன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஏ இடம் காலியாக இருக்கும்போது தண்ணீர் புகுந்து பி இடத்து எஸ்டரை உடைத்தால் சங்கிலி பாதியில் அறுந்துபோகும். அப்படி நடக்காமல் யுரசில் 2585 உள்ளிட்ட சில எழுத்துகள் எஸ்டரை மறைத்து நிற்கின்றன. ஏ இடத்தில் சரியான சிசிஏ முனை வந்து பூட்டியதும் அவை சற்று விலகி எஸ்டரைத் திறந்துவிடுகின்றன. ஆள் வந்த பிறகே கதவு திறக்கிறது.

பி இடத்து அடினைனின் சர்க்கரையில், எஸ்டருக்குப் பக்கத்திலேயே, 2-ஆம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சிலுக்கும் பங்குண்டு. அதை நீக்கினால் வினை மந்தமாகிவிடுகிறது. அதாவது வினையில் உதவுவதும் கடத்து ஆர்என்ஏவின் சொந்த நுனி. புரோட்டான் எந்த வழியில் கைமாறுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை.

நம்பாதீர்கள், திறந்து பாருங்கள்

ஆர்என்ஏதான் ஒட்டுகிறது என்பதற்கு என்ன சான்று? கலிபோர்னியாவில் ஹாரி நோலர் 1992-இல் ஒரு வெந்நீர் பாக்டீரியாவின் பெரிய அலகை எடுத்து, புரதத்தைச் செரிக்கும் நொதி, சோப்பு போன்ற எஸ்டிஎஸ், பீனால் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் புரதத்தில் பெரும்பகுதியை அகற்றினார். ஒட்டும் திறன் அப்போதும் மிஞ்சியது. கொஞ்சம் புரதத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்ததால் அதை முழுச் சான்றாகக் கொள்ள முடியவில்லை. 2000 ஆகஸ்டில் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழுவினர் சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரின் பெரிய அலகை 2.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டபோது சந்தேகம் தீர்ந்தது. ஒட்டும் இடத்திலிருந்து மிக அருகில் இருந்த புரதமே சுமார் 18 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருந்தது. வினையில் கை வைக்க முடியாத தூரம்.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். கைமெராஎக்ஸ் போன்ற ஒரு மூலக்கூறு பார்க்கும் மென்பொருளைக் கணினியில் நிறுவுங்கள், படிப்புக்கு இலவசம். புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில் 1ஜேஜே2 என்ற எண்ணுள்ள அமைப்பைத் திறங்கள், அதே சாக்கடல் உயிரியின் பெரிய அலகு. முதலில் நூடுல்ஸ் குவியல் மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம். ஆர்என்ஏ எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம், புரதங்களுக்கு நீலம் கொடுங்கள். பிறகு 0 என்று பெயரிட்ட சங்கிலியில் 2486-ஆம் எழுத்தைத் தேர்ந்தெடுத்துச் சிவப்பாக்குங்கள். ஈ. கோலையில் அடினைன் 2451 என்று நாம் சொன்னதற்கு இந்த உயிரியில் அந்த எண். அதன் 3-ஆம் எண் நைட்ரஜன் அணுவிலிருந்து 12 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருப்பவற்றை மட்டும் காட்டச் சொல்லுங்கள். நீலம் ஒரு துளிகூட இருக்காது. நீலமெல்லாம் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், சில மட்டும் வேர் மாதிரி உள்ளே நீண்டு பாதியில் நின்றுவிடும். நான் முதன்முதலில் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அன்று தூங்கவே மனம் வரவில்லை.

ஒரு விவரத்தை மறைக்கக் கூடாது: பாக்டீரியாவில் எல்27 என்ற புரதத்தின் வால் நுனி ஒட்டும் இடத்துக்கு அருகே வருகிறது. ஆனால் அந்த வாலை வெட்டிவிட்டுச் சோதித்தபோதும் பிணைப்பு உருவாகும் வேகம் குறிப்பிடும்படி மாறவில்லை.

ஒரு கோடான் நகர்தல்

ஒட்டியாயிற்று. சங்கிலி ஏ இடத்தில், வெறுங்கை பி இடத்தில். இப்போது எல்லாம் ஓர் இடம் தள்ள வேண்டும். இங்கேயும் சிசிஏ நுனிகளைப் பாருங்கள், அவைதான் முதலில் நகர்கின்றன. சிறிய அலகு பெரிய அலகுக்கு எதிராகச் சில பாகை சுழல, பெரிய அலகில் சிசிஏ முனைகள் அடுத்த இடத்துக்குப் போய்விடும், எதிர்கோடான் நுனிகளோ சிறிய அலகில் பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. அப்புறம் ஈஎஃப்-ஜி என்ற புரதம் ஜிடிபியோடு வந்து, எதிர்கோடான்களையும் தூது ஆர்என்ஏவையும் சேர்த்து மிகச் சரியாக மூன்று எழுத்து நகர்த்துகிறது. இரண்டோ நான்கோ நகர்ந்தால் அதற்குப் பிறகு வரும் எல்லாக் கோடானும் பிழையாகிவிடும்.

செலவைக் கூட்டுங்கள்: மாட்டும்போது இரண்டு, ஈஎஃப்-டியூவுக்கு ஒன்று, ஈஎஃப்-ஜிக்கு ஒன்று, ஆக ஓர் அமினோ அமிலத்துக்கு நான்கு பாஸ்பேட் பிணைப்புகள். மெத்தியோனினையும் சேர்த்து 147 அமினோ அமிலம் உள்ள பீட்டா சங்கிலி ஒன்றுக்குத் தோராயமாக 590. நம் செல்லில் ரைபோசோம் நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலம் கோக்கும் என்று வைத்தால் இந்தச் சங்கிலிக்கு அரை நிமிடத்துக்கும் குறைவு. ஈ. கோலை நொடிக்கு 15, 20 என்று போகும். கோத்த சங்கிலி பெரிய அலகைத் துளைத்துச் செல்லும் சுமார் 100 ஆங்ஸ்ட்ராம் நீளச் சுரங்கம் வழியாக வெளியே வரும். எந்த நேரமும் முப்பது, நாற்பது அமினோ அமிலம் அதற்குள் ஒளிந்திருக்கும்.

நிறுத்தக் கோடான்

யூஏஏ, யூஏஜி, யூஜிஏ மூன்றுக்கும் கடத்து ஆர்என்ஏ கிடையாது. அங்கே விடுவிப்புக் காரணி என்ற புரதம் ஏ இடத்தில் நுழைகிறது. இதன் ஒரு நுனி கோடானைப் படிக்கும், மறு நுனி ஒட்டும் இடம் வரை நீளும், கடத்து ஆர்என்ஏவைப் போலவே. அந்த நுனியில் கிளைசின், கிளைசின், குளுட்டமின் என்று மூன்று அமினோ அமிலங்கள். இதுவரை தள்ளி வைத்திருந்த தண்ணீரை இவை உள்ளே அனுமதிக்கின்றன. அதே எஸ்டர், அதே கார்பன், தாக்குவது மட்டும் அமினோ நைட்ரஜனுக்குப் பதில் நீர். சங்கிலி விடுபட்டுப் போகும், ரைபோசோம் இரண்டு துண்டாகப் பிரிந்து அடுத்த வேலைக்குத் தயாராகும்.

புரிந்ததா என்று சோதிக்க

மருந்துகளை வைத்துச் சோதித்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. மருந்து எங்கே போய் உட்காருகிறது என்று மட்டும் சொல்வேன், என்ன நடக்கும் என்று நீங்களே நோட்டில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

டெட்ராசைக்ளின் சிறிய அலகில், ஏ இடத்தில் எதிர்கோடான் வரும் இடத்தில் உட்காருகிறது. புதுக் கடத்து ஆர்என்ஏ படிய முடியாது. கண் சொட்டு மருந்தாக வரும் குளோரம்பெனிக்கால் பெரிய அலகில், ஏ இடத்துச் சிசிஏ முனையின் அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தை அடைக்கிறது. படிப்பது நடக்கும், ஒட்டுவது தடைப்படும். நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவினுடையதை ஒத்திருப்பதால் அங்கேயும் இது கை வைக்கும், இந்த மருந்தை உள்ளுக்குக் கொடுக்கும்போது எலும்பு மஜ்ஜையைக் கவனிக்கச் சொல்வது அதனால்தான். அசித்ரோமைசின் சுரங்கத்தின் வாயில் உட்காருகிறது. பல புரதங்களில் சில அமினோ அமிலம் வரை கோத்துவிட்டு வேலை நின்றுபோகும்.

ஆமணக்கு விதையில் உள்ள ரைசின் வேறு வகை. அது எங்கேயும் உட்கார்ந்து அடைப்பதில்லை. நம் ரைபோசோமின் 28எஸ் ஆர்என்ஏவிலிருந்து ஒரே ஓர் அடினைனைக் கத்தரித்துவிடுகிறது. ஈஎஃப்-டியூ, ஈஎஃப்-ஜி போன்றவற்றின் ஜிடிபியை உடைக்கத் தூண்டும் வளையத்தில் இருக்கும் எழுத்து அது. பல ஆயிரம் எழுத்துகளில் ஒன்று போனதும் இயந்திரம் முழுதும் நின்றுவிடுகிறது.

கடைசியாகப் பியூரோமைசின், எல்லாவற்றையும்விட இதுதான் நல்ல தேர்வு. இது கடத்து ஆர்என்ஏவின் கடைசி அடினைனும் அதில் தொங்கும் டைரோசினும் போலவே இருக்கும், அமினோ நைட்ரஜனும் உண்டு. உடல் கிடையாது, எதிர்கோடானும் கிடையாது. ஏ இடத்தில் விழுந்ததும் என்ன ஆகும்? அதன் நைட்ரஜன் எஸ்டரைத் தாக்கும், சங்கிலி முழுவதும் பியூரோமைசின் மேல் கைமாறும். ஆனால் பிடித்து வைக்க எதிர்கோடான் இல்லாததால் பாதிச் சங்கிலியோடு நழுவி வெளியே போய்விடும். ஒருவேளை நழுவாமல் பி இடத்துக்கே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் அடுத்த பூவை மாட்ட முடியாது. ஏன் என்று தெரிய, முதல் பக்கத்தில் நீங்கள் வட்டம் போட்ட எஸ்டருக்குத் திரும்புங்கள். பியூரோமைசினில் அந்த இடத்தில் எஸ்டர் இல்லை, எளிதில் உடையாத அமைடு பிணைப்பு இருக்கிறது. வட்டத்துக்குள் இருக்கும் அந்த ஓர் ஆக்சிஜனை அழித்து நைட்ரஜன் என்று எழுதுங்கள், சங்கிலி ஏன் அங்கேயே மாட்டிக்கொள்கிறது என்று உங்கள் நோட்டே காட்டும்.